தண்ணீர் மேற் பழி

"தண்ணீரும் மூன்று பிழை பொறுக்கும்" என்பது பழமொழி. நீரில் விழுந்தவனை அது மூன்று முறை மேலே கொண்டுவந்து காட்டும், அதன் பின்னரே அமிழ்த்தும் என்று முதியோர் இதற்குப் பொருள் சொல்வர். தண்ணீருக்கு நான் செய்த பிழைகளை அண்மையில் எண்ணிப் பார்த்தேன். மூன்று தேறின. முதலிரண்டும் வாய் திறந்து செய்தவை. மூன்றாவது வாய் திறவாமையாற் செய்தது. அவற்றை ஈண்டு ஒளியாது சொல்லத் துணிந்தமைக்குக் காரணம் உண்டு. என்னைப் போன்ற ஆசிரியர் பலரும் இவற்றையே செய்து வருகிறார்கள் என்பது என் எண்ணம்.

நான் யாழ்ப்பாணத்து வலிகாமத்திற் பிறந்தவன். கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே இலக்கண இலக்கியங் கற்றுப் பண்டிதன் என்ற பெயரும் பெற்றவன். இருபத்தைந்து ஆண்டுகளாக மாத்தளை மாவட்டத்திலே தமிழ் கற்பித்து வருகிறேன். இப்பொழுது குடியிருப்பது நாலந்தாவில். கண்டியிலிருந்து யாழ்ப்பாணத்துக்குச் செல்லும் ஏ-9 பெருந்தெருவிலே, மாத்தளைக்கு வடக்கே உள்ள சிற்றூர் அது. இவ்வூருக்குத் தெற்கே மலையும் மழையும். வடக்கே நாவுல, தம்புள்ளை என்று வரண்ட நிலம் தொடங்கிவிடும். இரு வலயங்களுக்கும் நடுவே வாசற்படிபோல் இருப்பது நாலந்தா.

இனி என் முதற் பிழையைச் சொல்கிறேன். அது பாண் பற்றியது.

யாழ்ப்பாணத்தான் வெளியூரில் இரண்டு நாள் தங்கினால் மூன்றாம் நாள் பாணைக் குறை சொல்வான். நான் இருபத்தைந்து ஆண்டு குறை சொன்னேன். எங்கள் ஊர் றோஸ் பாணின் மேற்புறம் பிய்க்கும்போது நொறுங்கும், உட்புறம் பஞ்சுபோலிருக்கும், சம்பலோடு உண்டால் வேறு கறி வேண்டியதில்லை. இங்குள்ள பாணோ ஈரச் சீலைபோல் வாயில் ஒட்டுகிறது என்பேன். காரணம் என்ன என்று எவரேனும் கேட்டால் மறுமொழி ஆயத்தமாக இருந்தது. "எல்லாந் தண்ணீர்தான். இந்தத் தண்ணீருக்கு இவ்வளவுதான்" என்பேன். கேட்டவர் தலையசைப்பார். தண்ணீர் எதிர்த்து வழக்காடாது அன்றோ!

இந்தக் கொள்கை எனக்கு மட்டும் உரியதன்று. கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்த என் மருமகன் ஒருவன் பீட்சாவைப் பற்றி ஒரு மாலை முழுதும் பேசினான். அமெரிக்காவிலே நியூ யோர்க் நகரத்துப் பீட்சாவுக்கு ஈடு வேறெங்கும் இல்லையாம். அந்நகரத்தார் அதற்குக் காரணம் தம் தண்ணீரே என்று சாதிப்பார்களாம். அந்நகரின் நீர் உள்ளூரில் ஊறுவதன்று. கற்ஸ்கில் மலைப்பக்கத்து நீர்த்தேக்கங்களிலிருந்து நூறு மைலுக்கு மேல் நிலத்தடிக் குழாய்களில் வருவது, மென்மையானது. "மாமா, நீங்கள் பாணுக்குச் சொல்லுறதைத்தான் அவங்களும் சொல்லுறாங்கள்" என்றான் மருமகன். எனக்குப் பெருமை தாங்கவில்லை. உலகமே என் கட்சி என்று கருதினேன். நியூ யோர்க்கின் நீர் மென்னீர், யாழ்ப்பாணத்து நீர் வன்னீர், இரண்டும் ஒருங்கே சிறந்த பண்டத்துக்குக் காரணமாதல் எங்ஙனம் என்ற ஐயம் அன்று எனக்கு எழவில்லை. எழுந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு வேலை இருந்திராது.

பண்டிதனுக்குச் சொல்லாராய்ச்சி பழக்கம். 'பாண்' என்ற சொல் போர்த்துக்கேயர் தந்தது. பாண் சுடும் அடுப்பை நாங்கள் 'போறணை' என்கிறோம்; அதுவும் அவர்கள் தந்ததே. இலங்கையிற் கோதுமை பயிரிடப்படுவதில்லை. தானியம் கப்பலில் வருகிறது. 1980 முதல் திருகோணமலையில் இயங்கும் பெரிய ஆலையிலும் வேறிடங்களிலும் மாவாகிறது. நொதிக்கச் செய்யும் ஈஸ்ற்றும் பெட்டியில் வருவது. அச்சுத் தகரமும் கடைச் சரக்கு. இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால், யாழ்ப்பாணத்துப் பாணிலே யாழ்ப்பாணத்துக்கு உரியதாக எஞ்சி நிற்பது யாது? கிணற்று நீர் ஒன்றுதான். அதனாலேயே அதனை இறுகப் பற்றிக்கொண்டோம் என்று இப்பொழுது நினைக்கிறேன். உண்மையில் இன்னொன்றும் எஞ்சியிருந்தது. அது கண்ணுக்குத் தெரியவில்லை. அதனை எனக்குக் காட்டியவர் நாலந்தாவிலுள்ள ஒரு பேக்கரித் தொழிலாளி.

அவரைப் 'பாஸ்' என்றே எல்லோரும் அழைப்பர். தோட்டத் தொழிலாளர் குடும்பத்திற் பிறந்தவர். நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். பழைய விறகுப் போறணையிலே வேலை செய்கிறார். ஒருநாட் காலை பாண் வாங்கப் போன இடத்தில் வழக்கம்போலத் தண்ணீர்க் கதையைத் தொடங்கினேன். அவர் சிரித்தார்.

"தண்ணியில என்னாங்க சேர் இருக்கு? மா பெசஞ்சு வச்சா அது ஒறங்கணும். ஒறங்க விட்டா நல்ல பாணு. எங்க மொதலாளிக்கு விடியக்காலம் அஞ்சு மணிக்கு லொறி போகணும். அதனால ஈஸ்ட்ட கூடப் போட்டு எழுப்பிவுடுறோம். ஒறக்கம் பத்தாத புள்ள பள்ளிக்கூடத்துல எப்பிடி இருக்கும்? அப்பிடித்தான் இந்தப் பாணும்."

நான் ஒப்பவில்லை. "எங்கள் கிணற்றுத் தண்ணீர் கொண்டுவந்து தருகிறேன், சுட்டுப் பார்க்கிறீரா?" என்றேன். "கொண்டாங்க சேர், பார்த்துருவோம்" என்றார்.

சென்ற ஆண்டு ஆவணி விடுமுறை முடிந்து திரும்பியபோது, பிறந்த வீட்டுக் கிணற்றிலிருந்து 10 லீற்றர் நீரைக் கலனொன்றில் நிரப்பி யாழ்ப்பாணத்திலே பஸ் ஏறினேன். பக்கத்திலிருந்த அம்மையார், "கீரிமலைத் தீர்த்தமோ ஐயா?" என்று கேட்டுக் கைநீட்டினார். பாண் சுடுவதற்கு என்று சொல்ல வெட்கமாயிருந்தது. சிறிது வார்த்துக் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார். போர்க்காலத்திலே இத்தெரு ஆண்டுக்கணக்கிற் பூட்டிக் கிடந்தது. 2002இல் திறந்தது, 2006இல் மூடியது, போர் முடிந்த பின்னரே முழுமையாகத் திறந்தது. அக்காலத்தில் இப்படி ஒரு கலன் நீரோடு வந்திருந்தால் எத்தனை இடத்தில் இறங்கி விளக்கம் சொல்ல நேர்ந்திருக்கும் என்று எண்ணிக்கொண்டேன்.

அன்றிரவு பாஸ் ஒரே மாவை இரண்டாகப் பிரித்தார். ஒரு பங்குக்கு யாழ்ப்பாணத்து நீர். மற்றதற்கு நாலந்தா நீர். உப்பும் ஈஸ்ற்றும் ஒரே அளவு. யாழ்ப்பாணத்து நீர் வார்த்த மாவைப் பிசைந்தவர், "இது கொஞ்சம் இறுக்கமா இருக்கு சேர்" என்று சொல்லி ஒரு கை நீர் கூடத் தெளித்தார். இரண்டையும் ஒரே நேரம் 'உறங்க' விட்டார். விடியற்காலையில் ஒரே போறணையில் ஒரே வரிசையில் வைத்துச் சுட்டார். ஆசிரியர் மூவர், கடைக்காரர் இருவர், பாஸ், நான் ஆகிய ஏழு பேர் உண்டு பார்த்தோம். இரண்டும் நன்றாக இருந்தன. நான் இவ்வூரில் அதுவரை உண்ட பாணையெல்லாம் வென்றன. நான் ஒன்றைக் கையில் எடுத்து, நொறுங்கும் ஓசையைக் கேட்டு, கண்ணை மூடி மென்று, "இதுதான் எங்கள் ஊர்த் தண்ணீர்" என்று தீர்ப்புச் சொன்னேன்.

அது நாலந்தா நீரிற் சுட்டது.

ஒருவர் ஒருமுறை உண்டு சொன்ன தீர்ப்பு விஞ்ஞானம் ஆகாது. நீருக்கு இதில் ஒரு பங்கும் இல்லை என்று சொல்ல நான் வரவில்லை. 100 பங்கு மாவுக்கு ஏறக்குறைய 60 பங்கு நீர் சேர்கிறது. பங்கு இல்லாமற் போகுமா? வன்னீரிலே கல்சியம், மகனீசியம் ஆகியவற்றின் உப்புக்கள் கரைந்திருக்கின்றன. மாவிலுள்ள புரதம் நீரோடு சேர்ந்து இழுபடும் பசையமாகிறது. அந்தப் பசையத்தை இவ்வுப்புக்கள் இறுகச் செய்கின்றன. நீர் மிக மென்மையாயின் மா ஒட்டும். மிக வன்மையாயின் மா இறுகி, நொதித்தல் தாமதமாகும். நடுத்தரமான நீரே பாணுக்கு நல்லது என்று இத்துறை அறிந்தோர் கூறுவர். ஆனால் அவ்வேற்றுமை தேர்ந்த கையாற் சரிசெய்யக்கூடியது. ஒரு கை நீர் கூட்டியோ, உப்பைக் குறைத்தோ, சற்று நேரம் பொறுத்தோ அதனைச் சமன் செய்துவிடலாம். பாஸ் தெளித்த ஒரு கை நீரிலே யாழ்ப்பாணத்துக்கும் மாத்தளைக்கும் உள்ள வேற்றுமை முழுதும் அடங்கிற்று.

ஆகவே எங்கள் ஊர்ப் பாணைச் சிறப்பித்தவை வேறு. இரவிற் பிசைந்த மாவை விடியும்வரை பொறுத்திருந்த பொறுமை ஒன்று. பனங்கள்ளு விட்டு மாவைப் புளிக்கவைத்த காலமும் இருந்தது என்று முதியோர் சொல்லக் கேட்டிருக்கிறேன். கள்ளு மெல்லவே வேலை செய்யும். விறகு எரித்த செங்கற் போறணையின் உலர்ந்த வெம்மை மற்றொன்று. வீதிக்கு ஒரு பேக்கரி இருந்தமையால் சூடு ஆறுமுன் கைக்கு வந்தது இன்னொன்று. 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்சாவைச் சிறப்பித்தபோது, மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது அந்நகரின் நீரையா? பீட்சா செய்வோரின் கைத்திறனை. 2022இல் பிரான்சின் நீள்பாணுக்கும் அவ்வாறே செய்தது. கையைப் பாராட்டுவதே முறை.

பசியையும் மறந்துவிடலாகாது. 1995 ஐப்பசி முப்பதாந் தேதி இரவு வலிகாமம் முழுதும் பெயர்ந்து தென்மராட்சியை நோக்கி நடந்தபோது நானும் அக்கூட்டத்தில் ஒருவன். மறுநாள் சாவகச்சேரிப் பக்கத்திலே, முன்பின் அறியாத ஒருவர் கால் இறாத்தற் பாணை என் தாயாருக்குப் பிய்த்துக் கொடுத்தார். அது எந்தக் கிணற்று நீரிற் சுட்டது என்று யார் கேட்டார்? அதனினும் சுவையான பாணை நான் இன்றுவரை உண்டதில்லை.

"ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்." அவசரப்படும் முதலாளியையும், மலிவு பார்க்கும் நம்மையும் விட்டுவிட்டுத் தண்ணீர் மேற் பழி போட்டேன். இது முதற் பிழை. தண்ணீர் பொறுத்தது.

இரண்டாவது பிழை இதனினும் பெரிது.

பாணுக்குச் சொன்ன அதே வாக்கியத்தை நான் வகுப்பிலும் சொல்லிவந்தேன். மலையகத்துப் பிள்ளைகள் வாசிக்கும்போது ழகரம் தேய்ந்தால், லகரமும் ளகரமும் மயங்கினால், பக்கத்து ஆசிரியரிடம், "இந்தத் தண்ணீருக்கு இவ்வளவுதான்" என்பேன். பிள்ளைகள் காதில் விழுந்தால் விழட்டும் என்ற அலட்சியம். நன்னூல் கடைமாணாக்கருக்கு ஓட்டைக் குடத்தை உவமையாகச் சொல்கிறது. இல்லிக்குடம் என்பது அதன் பெயர். அந்தப் பெயரை எத்தனை பிள்ளைகளுக்கு இட்டிருப்பேன் என்று கணக்கில்லை. அதே நன்னூல் ஆசிரியராகத் தகாதவருக்கும் குடம் ஒன்றை உவமை சொல்லியிருக்கிறது, அது கழற்குடம். அந்தச் சூத்திரத்தையும் நான் மனனம் பண்ணியவனே. எனக்கு அது உரியதாகலாம் என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பாண் பரீட்சை முடிந்து மற்றவர்கள் சென்ற பின், பாஸ் தேநீர் தந்தார். சிறிது தயங்கிச் சொன்னார்.

"சேர், தப்பா நெனைக்காதீங்க. எம் மகளும் ஒங்க வகுப்புலதான் படிக்குது. பாணுக்குச் சொல்ற மாதிரியே சேர் எங்களுக்குஞ் சொல்றாருன்னு வந்து சொல்லுச்சு. அதுக்குத் தமிழ் நல்லா வரும் சேர். பல்லு கறையா இருக்குன்னு வாயத் தொறக்க வெக்கம். நான் முன்ன கெக்கிராவப் பக்கம் வேல செஞ்சேன். புள்ள அங்கதான் வளந்துச்சு. அந்தக் கெணத்துத் தண்ணி."

அந்தப் பிள்ளையை எனக்குத் தெரியும். வாசிக்க எழுப்பினால் இடக்கையால் வாயை மறைத்துக்கொண்டு முணுமுணுக்கும். சொல் தெளியாது. 'இல்லிக்குடம்' என்று நான் தீர்மானித்திருந்த பிள்ளைகளுள் அதுவும் ஒன்று. பற்களிலே கபில நிறக் கறை இருப்பதை நான் கண்டிருக்கிறேன். பல் விளக்காத பிள்ளை என்று எண்ணியிருந்தேன்.

தண்ணீர்தான் காரணம் என்று வாய் ஓயாமற் சொன்னவன் நான். இந்தப் பிள்ளையின் வாசிப்பிலே உண்மையாகவே தண்ணீருக்குப் பங்கு இருந்தது. அது மட்டும் எனக்குத் தெரியவில்லை.

கற்றறிந்த வாசகர்களுக்கு இது புதிய செய்தி அன்று; என்றாலும் சொல்கிறேன். உலர்வலயத்துக் கிணறுகள் பலவற்றிலே, பாறையிலிருந்து கரைந்த புளோரைட்டு மிகுந்திருக்கிறது. லீற்றருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. சிறு பிராயத்தில், முரசுக்குள்ளே நிலைப்பல் உருவாகும் காலத்தில், அளவுக்கு மேற்பட்ட புளோரைட்டை உட்கொண்டால் பல்லின் மிளிரி பழுதாகிக் கறை நிலைத்துவிடும். விளக்கினாற் போகாது. நீரைக் கொதிக்கவைத்தாலும் புளோரைட்டு நீங்காது. நீர் ஆவியாகக் குறைய, எஞ்சியதிற் செறிவு கூடவே செய்யும். கொதித்தாறிய நீரே குடி என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்வது கிருமிக்கு நல்ல மருந்து, இதற்கு அன்று.

இதனினும் கொடியது சிறுநீரக நோய். 1990கள் முதல் வடமத்திய மாகாணத்து உழவர் குடும்பங்களிலே பரவிய அந்நோய், எங்கள் மாத்தளை மாவட்டத்து வில்கமுவவிலும் காணப்படுகிறது. நீரிழிவோ உயர் குருதியமுக்கமோ இல்லாதவரையும் அது பற்றுகிறது. அறிஞர்கள் வன்னீரையும் புளோரைட்டையும் பயிர்மருந்துகளையும் வெயிலில் உடல் வரளுதலையும் ஐயுறுகிறார்கள். இன்னதே காரணம் என்று இன்னும் அறுதியிடவில்லை. நாலந்தாவிலிருந்து பஸ்ஸில் வடக்கே சென்றால், தெருவோரங்களிலே சுத்திகரித்த நீர் விற்கும் நிலையங்களையும், கலனோடு நிற்கும் தாய்மாரையும் காணலாம். நான் பாண் சுடுவதற்கென்று ஒரு கலன் நீரை மடியில் வைத்துக்கொண்டு அவர்களைக் கடந்து வந்தேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே கோப்பித் தோட்டங்களுக்கென்று தமிழ்நாட்டிலிருந்து வந்த மக்கள், மன்னார்க் கரையிலே இறங்கிக் காட்டுவழியே நடந்து, மிகிந்தலை, தம்புள்ளை, நாலந்தா என்று இவ்வழியாகவே மாத்தளையை அடைந்தார்கள். வழியில் நல்ல நீர் கிடையாது. கண்ட குட்டையிற் குடித்தார்கள். வாந்திபேதி கண்டு வழிநெடுகச் செத்தார்கள். அவர்களிற் பிழைத்து வந்தவரின் சந்ததியே என் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள். தண்ணீரால் இத்தனை துன்பம் கண்ட குடியின் பிள்ளையைப் பார்த்து, "இந்தத் தண்ணீருக்கு இவ்வளவுதான்" என்று சொல்ல ஒரு நாக்கு வேண்டும். அந்த நாக்கு எனக்கு இருந்தது. யாழ்ப்பாணத்து இலக்கிய வட்டங்களிலே இது போன்ற பேச்சு வேறு சொற்களில் இன்றும் உலவுவதை நான் கேட்கிறேன். "மலைநாட்டுத் தமிழ்" என்று சொல்லும்போது உதட்டோரத்தில் ஒரு சிரிப்புத் தோன்றுகிறதே, அதுவும் இதே வாக்கியந்தான்.

இனி மூன்றாவது பிழை. எந்த நீரைப் புகழ்ந்தேனோ அந்த நீருக்கே செய்தது.

யாழ்ப்பாணத்திலே வற்றாத ஆறு இல்லை. சுண்ணக்கற் பாறையின் துளைகளிலே மழைநீர் தங்குகிறது; அதன் அடியிலே கடல்நீர். நன்னீர் பாரங் குறைந்தது ஆகையால் மேலே மிதக்கிறது. துலாவால் அள்ளிய காலத்தில் அது தாங்கிற்று. இயந்திரம் வைத்து அளவுக்கு மேல் இறைத்தால் கீழுள்ள உவர் மேலேறும். தோட்டங்களுக்கு இட்ட உரத்திலிருந்து நைத்திரேற்று அந்நீரில் இறங்குகிறது. லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது இதற்கு உலக சுகாதார நிறுவனம் இட்ட எல்லை. வலிகாமத்துத் தோட்டக் கிணறுகள் பல அதனைத் தாண்டியவை. கைக்குழந்தைகளுக்கு அது கேடு. சுன்னாகப் பகுதிக் கிணறுகளிலே எண்ணெய் கலந்த செய்தி 2014ஆம், 2015ஆம் ஆண்டுகளிலே பெரிதாக எழுந்து, 2019இலே உயர் நீதிமன்றத்தின் தீர்ப்பு வரைக்கும் சென்றது. அந்நாட்களில் நான் என்ன செய்தேன்? மாத்தளையில் இருந்துகொண்டு, எங்கள் ஊர்த் தண்ணீரின் அருமையைச் சொல்லிப் பாணைக் குறைகூறிக் கொண்டிருந்தேன். புகழ்ந்ததன்றி அந்நீருக்கு நான் செய்த உபகாரம் ஒன்றுமில்லை.

உணவென்பது நிலத்தோடு கூடிய நீரே என்ற கருத்தைக் குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனுக்குச் சொன்னார். புறநானூற்றிலே அச்செய்யுளை ஆண்டுதோறும் பாடஞ் சொல்கிறேன். நீரைத் தேக்கி வைப்பவனே நிலைபெறுவான் என்று அரசனைப் பார்த்துப் புலவர் சொன்னதை விளக்கி, கைதட்டும் வாங்கியிருக்கிறேன். பாடஞ் சொன்ன பாடசாலையின் கிணற்றிலே என்ன கரைந்திருக்கிறது என்று ஒருநாளும் கேட்டதில்லை. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்ததற்கு நயம் நயமாகக் காரணம் சொல்லும் நாம், வானம் தந்ததை மண்ணிலே எவ்வாறு வைத்திருக்கிறோம் என்று பார்ப்பதில்லை.

நாலந்தாவிலே கெடிகே என்ற பழைய கற்றளி ஒன்று இருக்கிறது. பல்லவர் கோயில்களை நினைப்பூட்டும் வடிவம். பௌத்தர் எழுப்பிய கட்டடம். தமிழன் தனதென்பான், சிங்களவன் தனதென்பான், இரண்டு கலையும் ஒன்றோடொன்று பிசைந்து கிடப்பதால் பிரித்தெடுக்க முடியாது. நீர்த்தேக்கம் வந்தபோது அது அமிழாதிருக்கும் பொருட்டுக் கல் கல்லாகக் கழற்றி, இலக்கமிட்டு, 1980இலே உயரத்தில் மீண்டும் எழுப்பினார்கள். கல்லுக்கு இத்தனை கவனம் எடுத்தது நன்றே. அக்கவனத்திற் பத்திலொரு பங்கு கிணற்றுக்கும் கிடைத்திருந்தால், ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு தமிழ் படிக்க நேர்ந்திராது.

நான் சொல்ல வந்தது இதுதான். ஊருக்கு ஊர் நீர் வேறுபடும். அவ்வேறுபாடு நாவுக்குத் தெரியும் இடத்திலே சிறியது. உடலுக்குத் தெரியும் இடத்திலே பெரியது. நாமோ சிறியதைப் பற்றிப் பேசுகிறோம். பெரியதைப் பற்றி மௌனமாயிருக்கிறோம். பாண் சரியில்லையென்றால் மாவை உறங்க விடாத அவசரத்தைக் கேட்க வேண்டும். பிள்ளையின் தமிழ் சரியில்லையென்றால் கற்பித்தவனைக் கேட்க வேண்டும். நீரைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்வி வேறு. அதிலே புளோரைட்டு எவ்வளவு, நைத்திரேற்று எவ்வளவு, வன்மை எவ்வளவு? இவற்றை அளக்கும் ஆய்வுகூடங்கள் நாட்டில் உண்டு. ஒவ்வொரு பாடசாலைக் கிணற்று நீரையும் ஆண்டுக்கு ஒருமுறை ஆய்வித்து, முடிவைப் பெற்றோர் வாசிக்கத்தக்கதாக வாயிற்சுவரில் எழுதிவைக்க வேண்டும். தமிழ்த் தின விழாவுக்குப் பந்தலிடும் செலவிலே இது அடங்கும்.

விடுமுறைக்குப் பின் வகுப்புத் தொடங்கிய அன்று, பிள்ளைகளிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். ஆசிரியன் அவ்வாறு கேட்கலாமா என்று உடனாசிரியர் ஒருவர் பின்னர் வினாவினார். நன்னூலிலே விலக்கு இல்லை என்றேன். பாஸின் மகளை வாசிக்க எழுப்பினேன். இடக்கை வழக்கம்போல் வாய்க்குப் போயிற்று. "கையை எடு" என்று நான் சொல்லவில்லை. புத்தகத்தை இரு கையாலும் பிடி என்றேன். சிறிது நேரம் தயங்கிப் பிடித்தாள். ழகரம் தெளிவாகவே விழுந்தது. இத்தனை காலமும் அது அங்கேதான் இருந்தது.

பாடசாலைக் கிணற்று நீரைப் புட்டியில் எடுத்து ஆய்வுக்கு அனுப்பியிருக்கிறோம். முடிவு வந்ததும் சுவரில் எழுதுவோம். இதனை வாசிக்கும் ஆசிரியர்களே, உங்கள் பாடசாலைக் கிணற்றில் இருப்பது என்ன? அதனை அறிந்துகொண்டு வாருங்கள். அதன் பின்னர் ஆறுதலாக இருந்து, எந்த ஊர்ப் பாண் நல்லது என்று பேசுவோம்.